மதுரை பஸ் நிற்கும் இடத்தில்

...அந்த மாம்பழ நிறச் சேலையையா கட்டிக்கொண்டு போக வேண்டும், வேறு சேலையே கிடைக்கவில்லையா இவளுக்கு, அந்த விளக்கு வெளிச்சத்தில் மஞ்சள் எடுபடாதே, முகம் செத்துப்போய்த் தெரியுமே என்பதுதான் சுடலைக்கு முதலில் தோன்றியது, தோன்றிய பிறகுதான் தன் நினைப்பின் லட்சணம் அவனுக்கே உறைத்தது. போன ஐப்பசியில் பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு கோவில்பட்டிக்கு பஸ் ஏறிப் போன பெண்டாட்டி, தீபாவளிக்கும் வராதவள், பொங்கலுக்கும் வராதவள், இந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் திருப்பூர் வீரபாண்டி லைன் வீட்டில் அவன் எதிரே இருக்கிற டிவிக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறாள், அதைப் பார்க்கிற புருஷனுக்கு அதிர்ச்சி வர வேண்டாமா, சேலையின் நிறத்தையா பார்த்துக்கொண்டிருப்பான் ஒருவன்... அதிர்ச்சி இல்லாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு, வியாழக்கிழமையே அவனுக்குத் தெரியும். அடிக்காத, குடிக்காத கணவனை விட்டு இந்தப் பெண் பிரிந்து போனது ஏன் என்று ஒரு கட்டைக் குரல் கேட்க, அரைமணிக்கு ஒரு தரம் முன்னோட்டம் போட்டார்கள், முகத்தைக் காட்டவில்லை, சேலைத் தலைப்பை முறுக்குகிற ஒரு கையை மட்டும் காட்டினார்கள், ஓவர்லாக் தையல் மெஷின் ஊசி ஏறி நகம் இரண்டாகப் பிளந்து வளர்ந்த ஆள்காட்டி விரல், அந்த விரலை அவன் அறியமாட்டானா, அன்று ஆஸ்பத்திரியில் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் அவன்தானே. மாமனார் வீட்டு நம்பர் செல்லில் இருந்தது, கூப்பிட்டு என்ன சித்ரா இது, எங்கே போய் என்ன பேசிவிட்டு வந்தாய் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எப்படியும் தெரிந்துவிடப் போகிறதே என்று இருந்துவிட்டான், சூப்பர்வைசர் ஞாயிற்றுக்கிழமை ஷிப்ட்டுக்கு வரச் சொன்னபோது உடம்பு சரியில்லை என்றான், வெள்ளியும் சனியும் வேலையில் மனம் நிற்கவில்லை, துக்கத்தால் அல்ல, எப்போது ஞாயிறு வரும் என்கிற தவிப்பால்.

'வாசற்படி' என்று அந்த நிகழ்ச்சிக்குப் பெயர். பிரிந்து போன புருஷன் பெண்டாட்டிகள், சொத்துக்காக வெட்டிக்கொண்ட அண்ணன் தம்பிகள், ஓடிப்போன பெண்கள் எல்லோரும் அந்த சோபாவில் வந்து உட்கார்ந்து அழுவார்கள், தங்க நிறச் சட்டம் போட்ட கண்ணாடி அணிந்த ஒரு அம்மா கேள்வி கேட்பாள், பின்னால் நாற்காலி வரிசையில் ஜனங்கள் இருப்பார்கள். சுடலை ஒரு வாரம்கூட விட்டதில்லை. எந்தக் கேள்விக்குப் பிறகு அழுகை வரும், எந்த அழுகைக்குப் பிறகு விளம்பரம் வரும் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி, அதனால்தான் சித்ராதேவி பேச ஆரம்பித்ததுமே அவனுக்குக் கவலை பிடித்துக்கொண்டது, இவளுக்குச் சொல்லத் தெரியவில்லையே, இப்படியா ஆரம்பிப்பார்கள்... உங்க கணவர் உங்களை அடிப்பாராம்மா என்று அந்த அம்மா கேட்டாள். "இல்லம்மா, கை நீட்டினதே இல்ல." குடிப்பாரா? "கிடையாதும்மா." வேற ஏதாவது தொடர்பு? "அய்யய்யோ, அதெல்லாம் சொல்லப்பிடாதும்மா, அவுக உண்டு, வேல உண்டுன்னு இருப்பாக." அப்புறம் என்னதாம்மா உங்க பிரச்சினை? சித்ரா தலைப்பை முறுக்கினாள். "பாத்துக்கிட்டே இருப்பாகம்மா." சந்தேகமா, உங்களை வேவு பார்ப்பாரா? "அது இல்லம்மா. எதுன்னாலும் பாப்பாக, பாத்துக்கிட்டே இருப்பாக. அவ்வளவுதான்." அந்த அம்மா கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு கேமராவுக்குப் பின்னால் நிற்கிற யாரையோ பார்த்தாள், அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று சுடலைக்குத் தெரியும், இதில் சரக்கு இல்லை, சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடு என்று அர்த்தம். அவன் பாயில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான். அடிச்சாகன்னு சொல்லு சித்ரா, ஒரு தடவை அடிச்சாகன்னு சொல்லிவிடு, பொய்யாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் வெட்டிவிடுவார்கள்... என்று அவன் வாய் முணுமுணுத்தது. யாரை அடித்ததாக, யார் அடித்ததாக என்கிற யோசனையே அந்த நிமிஷம் அவனுக்கு இல்லை.

பார்த்துக்கொண்டே இருப்பான், அது உண்மைதான், அதில் என்ன தப்பு, அவன் வேலையே அதுதானே. பனியன் கம்பெனியில் பின்னி முடிந்து சாயம் ஏறி வருகிற துணியை ஒரு மெஷினில் மாட்டுவார்கள், பின்னால் டியூப்லைட் எரிகிற கண்ணாடி மேல் துணி மேலிருந்து கீழே ஓடிக்கொண்டே இருக்கும், சுடலை அதன் எதிரே நின்று ஓட்டை, எண்ணெய்க் கறை, அறுந்த இழை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான், துணி ஓடிவிடும். பத்து வருஷமாக அப்படித்தான் நிற்கிறான், நல்ல கண்ணுடா உனக்கு என்று மேனேஜரே சொல்லியிருக்கிறார். கண் நல்ல கண்தான்... ஆனால் அதனால்தான் அவன் இப்படி ஆனானா, மெஷின்தான் காரணமா, அந்த மெஷினில் அவனோடு நிற்கிற ஜெயபாண்டி பிள்ளைகளைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவிநாசித் தேருக்குப் போகிறானே, தெருவில் சண்டை என்றால் முதல் ஆளாக விலக்கப் போகிறானே. டிவி வந்த புதிதில் இரண்டு பேருமாகத்தான் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைகள் பாடுகிற போட்டி ஒன்று, இருட்டின பிறகு இரண்டு பேரும் கம்பெனி விட்டு வந்து, சித்ரா அவன் முழங்காலில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, இந்தப் புள்ள ஜெயிச்சிரும் பாருங்க, இல்லட்டி அந்தப் பையன்தான் என்று பந்தயம் கட்டி, தோற்றவர் பாத்திரம் கழுவுவது என்று... சிரிப்பாகத்தான் இருந்தது. எப்போது அவள் எழுந்து போனாள் என்று அவன் கவனிக்கவில்லை. முழங்காலில் பாரம் இல்லை என்பது ஒருநாள் தெரிந்தது, எத்தனை நாளாக இல்லை என்று தெரியவில்லை. அவன் அப்பா செத்த செய்தி வந்தபோது அவன் அழவில்லை, ஊருக்குப் போய்க் கொள்ளி வைத்தபோதும் அழவில்லை, சுற்றி நின்று அழுகிறவர்களின் முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தான், திரும்பி வந்த வாரம் அந்தப் போட்டியில் கண் தெரியாத ஒரு சிறுமி தோற்று வெளியேறியபோது தேம்பித் தேம்பி அழுதான். சித்ரா அடுப்படியில் கரண்டியோடு நின்று அவனைப் பார்த்தாள். பயந்த முகமாக இருந்தது அது. அழுகிற ஆளைப் பார்த்து எதற்குப் பயப்பட வேண்டும் என்று அப்போது நினைத்தான்.

விளம்பரம் போட்டார்கள், வாசலில் நிழல் விழுந்தது, வீட்டுக்காரம்மா நல்லம்மாள் ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தாள், வரிசையாக இருக்கிற ஆறு அறைகளும் அவளுடையவை, முன்னால் இருக்கிற மாடி வீட்டில் அவள் தனியாக இருக்கிறாள். "ஏனுங் தம்பி, டிவில வந்துட்டு இருக்கறது நம்ம சித்ராப் புள்ளைங்களா?" ஆமாங்க என்றான். "அடக் கடவுளே, என்னுங் தம்பி இது, ஊட்டுச் சமாச்சாரத்தைக் கொண்டுபோயி ஊருக்கே சொல்றதாட்ட ஆயிப்போச்சு, உங்களுக்கு முன்னாலயே தெரியுமுங்களா?" தெரியும் என்று சொல்வதா, தெரியாது என்று சொல்வதா, அவன் தலையை ஆட்டினான், எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளட்டும். "அந்தப் புள்ள நல்ல புள்ளைங். இங்க இருந்தப்ப ஒரு வார்த்தை உங்களைக் குத்தமாச் சொன்னதில்லைங். அது போயி அங்க உக்காந்திருக்குதுன்னா..." என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விளம்பரம் முடிந்துவிட்டது, அவன் கையைக் காட்டினான், கொஞ்சம் இருங்க என்பதுபோல. நல்லம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள், அப்புறம் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

சித்ரா இப்போது கொஞ்சம் தெளிவாகப் பேசினாள், விளம்பர இடைவேளையில் யாரோ தண்ணீர் கொடுத்திருக்க வேண்டும், சொல்லியும் கொடுத்திருக்க வேண்டும், ஏதாவது ஒரு சம்பவமாகச் சொல்லும்மா என்று. ஒரு சனிக்கிழமை சாயங்காலம்மா, வேலை விட்டு வெளியே வாரோம், கேட்ல கான்ட்ராக்டர் நிக்கான், பனியன் குறையுதுன்னு... என்று ஆரம்பித்ததுமே சுடலைக்குப் புரிந்துவிட்டது, இதைத்தான் சொல்வாள், இதைச் சொல்லத்தான் மெட்ராஸ் வரைக்கும் போயிருக்கிறாள். அன்று அவளைக் கூட்டிப்போக வந்து கம்பெனிக்கு எதிரே பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்தான் அவன். கேட் திறந்தது, பெண்கள் வந்தார்கள், அந்த ஆள் சித்ராவை மட்டும் நிறுத்தினான், கூடையைப் பிடுங்கித் தலைகீழாகக் கொட்டினான், சோற்றுப் போசி ரோட்டில் உருண்டு ஒரு வேனுக்கு அடியில் போனது, மகள் அபிநயாவுக்கு வாங்கி வைத்திருந்த ரிப்பன், ஒரு சீப்பு, சட்டி பிடிக்க எடுத்து வைத்திருந்த கழிவுத் துணித் துண்டு. அந்தத் துண்டைத் தூக்கிக் காட்டி என்னமோ கத்தினான். அதோடு விடவில்லை, முந்தானையை எடுத்து உதறிக் காட்டச் சொன்னான், இத்தனை பேர் நிற்கிற ரோட்டில், டிவியில் சித்ரா அந்த இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டாள், உதட்டைக் கடித்துக்கொண்டாள், அந்த அம்மா விடவில்லை, உதறினீங்களா என்று கேட்டாள், சித்ரா தலையை மட்டும் அசைத்தாள். உதறினாள், அவனுக்குத் தெரியும். பேக்கரியிலிருந்து எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. கையில் டீ கிளாஸ் இருந்தது. இப்போது வாட்ச்மேன் தடுப்பார் பாரு என்று நினைத்தான், வாட்ச்மேன் தடுக்கவில்லை, கூடவே வெளியே வந்த சூப்பர்வைசர் மேடம் ஏதாவது சொல்லும் பாரு என்று நினைத்தான், அதுவும் சொல்லவில்லை, சே, யாராவது ஒருத்தர் போகக் கூடாதா, இத்தனை பேர் நிற்கிறார்களே, ஒரு மனுஷனுக்குக்கூடவா மனசு இல்லை என்று உண்மையாகவே ஆத்திரம் வந்தது அவனுக்கு, கண்ணில் தண்ணீர்கூட வந்தது. பயந்திருந்தால்கூடப் பரவாயில்லை. கான்ட்ராக்டர் பெரிய ஆள், அடிப்பான், வேலை போய்விடும் என்று பயந்து நின்றேன் என்றால் அது மனுஷன் செய்கிற காரியம், நாளைக்கு அவளிடம் சொல்லி அழலாம். அவனுக்குப் பயமே இல்லை. இது தன் காரியம் என்கிற செய்தி காலுக்குப் போய்ச் சேரவில்லை, அவ்வளவுதான்.

"போசிய எடுக்க வேனுக்கு அடியில நான் தவந்து போனேம்மா" என்று சித்ரா சொன்னாள், அழாமல் சொன்னாள், இதற்காவது அழக்கூடாதா என்று அவன் நினைத்தான். "பெறவு நடந்தே வீட்டுக்குப் போனேன். அவுக முன்னாலயே வந்து உக்காந்திருந்தாக, டிவி ஓடுது. நான் ஒண்ணும் சொல்லல, எப்படிச் சொல்ல, கேட்டா அவன வெட்டப் போயிருவாகளோன்னு எனக்குப் பயம், அவுகளுக்கு ஒண்ணு ஆயிட்டா என்ன பண்ணன்னு நெனச்சிட்டே கைகால் கழுவுதேன்... அவுக திரும்பிப் பாத்துக் கேக்காக, முந்தானைய உதறுன பெறவு என்ன ஆச்சுன்னு." அந்த அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. யாரு, உங்க கணவரா, அவருக்கு எப்படித் தெரியும்? "எதுத்தாப்ல பேக்கரில இருந்தாகளாம்மா. முந்தானைய உதறுன வரைக்கும் பாத்தாகளாம், பெறவு நடுவுல ஒரு பஸ் வந்து நின்னு மறச்சிருச்சாம். அதான் மிச்சத்த என்கிட்ட கேக்காக." பின்னால் நாற்காலி வரிசையில் யாரோ ஒருவர் சிரித்தார், அடக்க முடியாமல் வந்த சிரிப்பு, அது அடுத்தவருக்குத் தொற்றி, அப்படியே வரிசை முழுக்க ஓடி, கண்ணாடி அம்மாவும் குனிந்து வாயை மூடிக்கொண்டாள், சுடலையும் சிரித்தான். சிரித்துவிட்டான். பஸ் வந்து மறைத்துவிட்டதாம், மிச்சத்தைக் கேட்கிறானாம், என்ன ஆளுடா இவன்... சிரிப்பு தொண்டையில் பாதியில் நின்றபோது வாசலில் நல்லம்மாள் சிரிக்கவில்லை என்பதைப் பார்த்தான், டிவிக்குள் சித்ரா சிரிக்கவில்லை என்பதையும் பார்த்தான். அவள் அந்த ஜனங்களை ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், இத்தனை சுடலைகளா என்பதுபோல.

சிரிப்பு அடங்கிய பிறகு நான் ஒண்ணு சொல்லிக்கிடட்டுமா என்று அவள் கேட்டாள். கேமராவைப் பார்த்துச் சொல்லும்மா என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும், இரண்டு பக்கமும் தேடி, பிறகு நேராகத் திரும்பினாள், எட்டு மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேராக அவனைப் பார்த்தாள். "இந்தா பாருங்க. இது வாரது ஞாயித்துக்கெழமைன்னு சொல்லியிருக்காக. அன்னைக்கு நானும் புள்ளையும் திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டுல, மதுரை பஸ் நிக்கிற எடத்துல இருப்போம். வீட்டுக்கு நானா வரமாட்டேன். நீங்க எந்திரிச்சு வரணும். மன்னிப்பு ஒண்ணும் கேக்க வேண்டாம், வா, போவோம்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், வந்திருதேன். சாயந்தரம் வரைக்கும் பாப்பேன். பெறவு பஸ் ஏறிருவேன், அம்புட்டுதான்." கண்ணாடி அம்மா கைகளைக் கோத்துக்கொண்டு, எங்கள் கேமராவும் அங்கே இருக்கும், சுடலை வருவாரா, நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், வருவார் என்றால் ஏ, வரமாட்டார் என்றால் பி என்று எஸ்எம்எஸ் அனுப்புங்கள் என்றாள், கீழே நம்பர் ஓடியது. சுடலை செல்லை எடுத்தான். எதற்கு எடுத்தான் என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவனால் சொல்ல முடிந்திருக்காது, கை பழகிப்போயிருந்தது, பாட்டுப் போட்டிக்கும் ஆட்டப் போட்டிக்கும் அனுப்பி அனுப்பி... கட்டைவிரல் பி என்று அடித்திருந்தது. அவன் கணிப்பு பெரும்பாலும் தப்பாது.

"என்னுங் தம்பி, போன் பண்றீங்களா? பண்ணுங், பண்ணுங்" என்று நல்லம்மாள் எழுந்து நின்றாள். இல்லீங்க, சும்மாதான் என்று செல்லைக் கவிழ்த்து வைத்தான். "அப்பப் போன் வேண்டாம், நேராப் போயிருங். இங்கிருந்து எவ்வளவு தூரம், பஸ் ஏறுனா ஆச்சு." போகிறேன் என்றான், போகத்தான் போகிறான், போகாமல் இருப்பானா, அதற்குள் அடுத்த கதையை ஆரம்பித்துவிட்டார்கள், இரண்டு அக்காள் தங்கைகள் ஒரே வீட்டில் இருந்துகொண்டு பல வருஷமாகப் பேசிக்கொள்ளவில்லையாம், ஏன் பேசவில்லை என்பதற்குள் விளம்பரம் போட்டுவிடுவான், அதை மட்டும் தெரிந்துகொண்டு... "இதா முடிஞ்சிருங்க, முடிஞ்சதும் கெளம்பிருதேன்." நல்லம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள், குனிந்து டிவி ஒயரைப் பிடித்து இழுத்தாள், பிளக் கழன்று வந்தது. அறை முழுக்கத் திடீரென்று லைனில் இருக்கிற மற்ற வீடுகளின் சத்தம் கேட்டது, துணி துவைக்கிற சத்தம், மீன் செதில் உரசுகிற சத்தம், யாரோ பிள்ளையை அதட்டுகிற சத்தம், இத்தனை சத்தமும் இவ்வளவு நேரம் எங்கே இருந்தன... அவள் கொடியில் கிடந்த நீலச் சட்டையை எடுத்து அவன் மடியில் போட்டாள். "கண்ணு, நான் சொல்றதைக் கேளு. எங்க ஊட்டுக்காரரு கோவிச்சுட்டுப் போனப்ப நானும் இப்படித்தான் ஊட்டுக்குள்ளயே உக்காந்திருந்தேன், வந்தா வரட்டும்னு. வரவே இல்லை. போ சாமி, புள்ளையக் கூட்டிட்டு வா. நான் சோறு ஆக்கி வெக்கறேன்." நல்லம்மாளின் புருஷன் செத்துப்போனார் என்றுதான் இத்தனை நாளும் அவன் நினைத்துக்கொண்டிருந்தான், எங்கே போனார், எதற்குக் கோபித்துக்கொண்டு போனார், அப்புறம்... கேட்க வாயெடுத்தான், எடுத்துவிட்டு வெட்கத்தோடு மூடிக்கொண்டு சட்டையை மாட்டினான்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. வா, போவோம். இரண்டு வார்த்தை, சித்ரா ஒரு வார்த்தை என்று சொன்னாள், அவளுக்கு எப்போதும் கணக்கு வராது. வா, போவோம். உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தான், நன்றாகத்தான் வந்தது. சித்ரா என்று முதலில் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதா, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்புறம் சொல்வதா, பையை முதலில் கையில் வாங்கிக்கொள்வதா... பழைய பஸ் ஸ்டாண்டில் பஸ் நிற்கிறது, நீலச் சட்டை போட்ட ஒருவன் இறங்குகிறான், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வேகமாக நடக்கிறான், முதுகு மட்டும் தெரிகிறது, அவள் நிமிர்ந்து பார்க்கிறாள்... ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் வந்தது, முதுகுதான் தெரிந்தது, அந்த நீலச் சட்டைக்குள் நுழைந்து அங்கிருந்து அவள் முகத்தைப் பார்க்க முயன்றான், முடியவில்லை, தள்ளி நிற்கிற யாரோ ஒருவனுடைய கண்ணில்தான் எல்லாம் நடந்தது. கண்ணை மூடிக்கொண்டு இன்னொரு தடவை முயன்றான். உள்ளே போய்விட்டால் அப்புறம் எதிரே என்ன தெரியும், அவள் முகம், பிளந்த நகம், பையின் அறுந்த வார், அவள் கேட்கப்போகிற கேள்வி... கேள்வி கேட்பாள், கண்டிப்பாகக் கேட்பாள், இன்று கேட்காவிட்டாலும் ஒருநாள் ராத்திரி சோறு போடும்போது கேட்பாள், அன்னைக்கு ஏன் ரோட்டைத் தாண்டி வரலை என்று. டிவியில் அழுகிற எவரும் அவனிடம் திரும்பி எதையும் கேட்டதில்லை. இறங்க வேண்டிய இடம் வந்தது, இறங்கினான், காலுக்கு ஒன்றும் இல்லை, நன்றாகத்தான் நடந்தது.

மதுரை பஸ் நிற்கும் இடத்தைத் தேடவே வேண்டியிருக்கவில்லை, கூட்டம் அங்கேதான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை, கம்பெனிகளுக்கு லீவு, சினிமாவுக்கும் மார்க்கெட்டுக்கும் வந்த பையன்கள் எல்லாம் பெஞ்சு மேல் ஏறி நின்றார்கள், இந்திக்காரப் பையன்கள் இரண்டு பேர் ஷூட்டிங்கா, ஷூட்டிங்கா என்று எல்லோரையும் கேட்டார்கள், ஒருவன் தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டு நின்றான், இன்னொருவன் கூட்டத்தைத் தள்ளித் தள்ளி நடுவில் இடம் உண்டாக்கினான். அந்த இடத்தில் துணிப்பையின் மேல் சித்ராதேவி உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை. இளைத்திருந்தாள், டிவியில் தெரிந்ததைவிட அதிகமாக, டிவி ஆட்களைக் குண்டாகக் காட்டும் என்பது சரிதான். பக்கத்தில் அபிநயா, முடியை வெட்டிவிட்டிருக்கிறார்கள், எவ்வளவு வளர்ந்துவிட்டது பிள்ளை, கையில் வெள்ளரிப் பிஞ்சைப் பிடித்துக்கொண்டு அம்மாவின் முதுகில் சாய்ந்து நிற்கிறது... இதோ, இப்போது, இந்தப் பெஞ்சைத் தாண்டி நாலு எட்டு வைத்தால் போதும். அந்த கேமராக்காரன் அந்தப் பக்கம் திரும்பட்டும். கூட்டத்தைத் தள்ளுகிற அந்தத் தடியன் வழியை விடட்டும். மதுரை வண்டி ஒன்று உறுமிக்கொண்டு நின்றது, கண்டக்டர் விசில் ஊதினான், இந்த வண்டி கிளம்பிப் போய்விடட்டும், சத்தத்தில் அவளுக்குக் காது கேட்காது. வண்டி போயிற்று. அவள் அதில் ஏறவில்லை. சாயந்தரம் வரைக்கும் என்று சொன்னவள் பேச்சு மாறமாட்டாள், இன்னும் வெயில் இருக்கிறது, நேரம் இருக்கிறது... நல்ல இடமாகப் பார்த்து ஒரு தூண் ஓரம் நின்றான், அங்கிருந்து இரண்டு பேருமே தெரிந்தார்கள்.

பக்கத்தில் வந்து நின்ற பெரியவர் ஒருவர், அவிநாசிபாளையத்துப் பக்கம் போகிறவராக இருக்கும், கையில் உரப்பை, எட்டி எட்டிப் பார்த்துவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "ஏனுங், டிவில சொன்னாங்களே, அந்தப் புள்ளைதானுங்களா இது? ஆளு வந்துட்டானுங்களா?"

"இன்னும் வரலீங்க" என்றான் சுடலை.

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. பெரியவர் உச்சுக் கொட்டினார், வருவானுங்கறீங்களா என்று கேட்டார், சுடலை அதற்கும் பதில் சொல்ல வாயைத் திறந்தான், உண்மையாகவே யோசித்தான், எந்தப் பக்கமிருந்து வருவான், பல்லடம் ரோட்டு வழியாகத்தானே வரவேண்டும் என்று குதிகாலை உயர்த்தி வாசல் பக்கம் பார்த்தான், நீலச் சட்டை ஏதாவது தெரிகிறதா என்று ஜனங்களுக்கு மேலாகத் தேடினான்... தேடுகிற தன் கழுத்தை அவனே உணர்ந்தபோது மெதுவாகக் குதிகாலை இறக்கினான். திரும்பினான். கேமராக்காரன் சித்ராவின் முகத்துக்கு நேராகக் குனிந்திருந்தான், அவள் தலையைக் குனிந்துகொண்டிருந்தாள், பெஞ்சு மேல் நின்ற பையன்களின் கால்களுக்கு இடையில் ஒரு சின்ன இடைவெளி, அந்த இடைவெளி வழியாக அபிநயா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா என்று கூப்பிடவில்லை. அம்மாவின் தோளைத் தொட்டுச் சொல்லவில்லை. வெள்ளரிப் பிஞ்சைக் கடித்து மென்றுகொண்டே, இமைக்காமல், அவன் அடுத்து என்ன செய்வான் என்று பார்க்கிற முகத்தோடு அப்படியே நின்றிருந்தாள், பிஞ்சு பாதிக்கு மேல் தீர்ந்திருந்தது. அவள் எப்போதிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று அவனுக்குத் தெரியவில்லை.